வன்னியிலிருந்து கதிர்ச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு

புற்றுநோய்க்கான கதிர்ச் சிகிச்சையில் அண்மைக் காலத்தில் வந்த மாற்றங்கள் எல்லாம் ஒரே திசையில் போகின்றன. கட்டியின் வடிவம் எப்படியோ அப்படியே கதிரை வளைத்துக் கொடுப்பது, பக்கத்தில் இருக்கும் நல்ல உறுப்புகளுக்கு முடிந்தளவு குறைப்பது. முன்பெல்லாம் கட்டியைச் சுற்றி ஒன்று, இரண்டு சென்ரிமீற்றர் தாராளமாக விட்டே கதிர் கொடுப்பார்கள். இப்போது தலை, கழுத்துப் பகுதியில், உடம்பு அசைந்துவிடலாம் என்று விடும் இடைவெளி 3 முதல் 5 மில்லிமீற்றர்தான். அதனால் திட்டம் போட்ட நாளில் உடம்பு எப்படிக் கிடந்ததோ, சிகிச்சை நடக்கும் ஒவ்வொரு நாளும் அப்படியே கிடக்க வேண்டும். தாடை சற்றுத் திரும்பினாலும், சிறுநீர்ப்பை வெறுமையாக இருந்தாலும், ஐந்து கிலோ மெலிந்தாலும் கதிர் விழ வேண்டிய இடம் மாறும். மெஷின் எவ்வளவு புதியதோ, நோயாளியின் பக்கத்தில் அவ்வளவு ஒழுங்கு தேவைப்படுகிறது.

இந்த வழிகாட்டி அந்த ஒழுங்கைப் பற்றியது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கத்திலிருந்து தெல்லிப்பழை, மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைகளுக்கு ‘கறண்ட் பிடிக்க’, அதாவது கதிர்ச் சிகிச்சைக்கு, அனுப்பப்படுகிறவர்களையும், அவர்களோடு கூடப் போகிறவர்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. சிகிச்சை முடிவுகளை உங்கள் புற்றுநோய் வைத்திய நிபுணர் எடுப்பார். அந்த முடிவு உங்கள் உடம்பில் சரியாக நடந்தேற நீங்கள் செய்ய வேண்டியவை இங்கே.

எந்த முறை யாருக்கு

வெளியிலிருந்து கதிர் கொடுக்க இரண்டு வகை மெஷின் உண்டு. கோபால்ட்-60 மெஷினுக்குள் கதிர்வீசும் உலோகம் ஒன்று எப்போதும் இருக்கும். அதன் வலு 5.27 ஆண்டுகளில் பாதியாகிவிடும். உலோகம் பழசாகப் பழசாக, அதே அளவு கதிருக்கு நீங்கள் மேசையில் கூடுதல் நேரம் கிடக்க வேண்டி வரும். லினாக் என்று சொல்லும் லீனியர் அக்சிலரேற்றர் மின்சாரத்தால் இயங்குவது. எலெக்ரோன்களை வேகப்படுத்தி, ரங்ஸ்ரன் என்ற உலோகத் தகட்டில் மோதவிட்டு எக்ஸ் கதிர் எடுக்கிறது. சுவிச்சை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். இரண்டு மெஷினிலும் சரி, சிகிச்சை முடிந்து எழும்பினால் உடம்பில் கதிர் எதுவும் மிஞ்சாது. பேரப்பிள்ளையைத் தூக்கலாம், ஒரே கோப்பையில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம். இதைத் தெரியாமல் வீட்டில் ஒதுக்கி வைக்கப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தேவையே இல்லாத கொடுமை.

லினாக்கின் தலைப்பகுதியில் ரங்ஸ்ரன் தகடுகள் இரண்டு வரிசையாக இருக்கும். பல மெஷின்களில் ஒவ்வொரு தகடும் கட்டியின் ஆழத்தில் 5 மில்லிமீற்றர் அகலத்தை மறைக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியே முன்னும் பின்னும் ஓடும். முப்பரிமாண முறையில் இந்தத் தகடுகள் கட்டியின் வெளிவரம்புக்கு ஏற்ப நின்றுகொள்ளும். ஐ.எம்.ஆர்.ரி. முறையில் கதிர் வரும்போதே தகடுகள் நகர்ந்து, ஒரே பக்கத்திலிருந்து வரும் கதிருக்குள்ளேயே ஓரிடத்தில் கூட்டியும் ஓரிடத்தில் குறைத்தும் கொடுக்கும். ஐந்து முதல் ஒன்பது திசைகளிலிருந்து இப்படிக் கொடுத்தால், முள்ளந்தண்டு வடத்தைச் சுற்றி வளைந்து கிடக்கும் கட்டிக்குக்கூட வடத்தை விலக்கிக் கதிர் கொடுக்கலாம். வீமற் முறையில் மெஷின் உங்களைச் சுற்றி ஓடிக்கொண்டே இதைச் செய்யும். ஒரு சுற்று இரண்டு நிமிடம் போல. குறைந்த நேரம் என்றால் அசையவும் குறைந்த வாய்ப்பு.

படவழிகாட்டல் என்பது சிகிச்சைக்குச் சற்று முன், அதே மேசையில் வைத்தே ஒரு சிறு சி.ரி. எடுத்து, தொடக்கத்தில் திட்டம் போட எடுத்த சி.ரி. படத்தோடு பொருத்திப் பார்த்து, மேசையை மில்லிமீற்றர் கணக்கில் நகர்த்துவது. எஸ்.பி.ஆர்.ரி. என்பது சிறிய கட்டி ஒன்றுக்குப் பெரிய அளவை ஐந்து தரத்துக்குள் கொடுத்து முடிப்பது. சிறிய நுரையீரல் கட்டி, தனித்து நிற்கும் சில பரவல்கள் போன்றவற்றுக்குப் பொருந்தும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புதிய முறை எல்லோருக்கும் தேவைப்படாது. எலும்புக்குப் பரவிய நோயின் வலிக்கு 8 கிறே (கிறே என்பது கதிரை அளக்கும் அலகு) ஒரே தரம் கொடுத்தாலே பெரும்பாலும் போதும். அதற்கு எளிய முறையே நல்லது, விரைவாகவும் நடக்கும். மார்பகத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்து சாய்வாகக் கொடுக்கும் முப்பரிமாண முறையே பெரும்பாலானவர்களுக்குச் சரியாக வரும். ஐ.எம்.ஆர்.ரி.யால் மிகத் தெளிவான பயன் பெறுகிறவர்கள் வாய், தொண்டைப் புற்றுநோய்க்காரர். உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகும் கதிரின் சராசரியை 26 கிறேக்குக் கீழே வைத்தால், வாய் நிரந்தரமாகக் காய்ந்துபோவது வெகுவாகக் குறையும். இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய்தான் என்பதால், எங்கள் பக்கத்துக்கு இது முக்கியம். கிளினிக்கில் “எனக்கு எந்த முறை, ஏன்” என்று கேளுங்கள். கேட்பது தப்பில்லை. கேட்டுவிட்டுப் பதிலைக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்து வையுங்கள்.

எத்தனை நாள் என்பதையும் கேளுங்கள். மார்பகத்துக்கு 40 கிறேயை 15 தரமாக மூன்று கிழமையில் கொடுப்பது பரவலான வழக்கம். 26 கிறேயை ஐந்தே தரமாக ஒரே கிழமையில் கொடுத்தாலும் நோய் திரும்பும் விகிதம் கூடவில்லை என்று 2020 இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால் முல்லைத்தீவிலிருந்து வரும் ஒரு தாய்க்கு மூன்று கிழமைக்கும் ஒரு கிழமைக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. “எனக்கு இது பொருந்துமா” என்று கேட்க வேண்டியவர் அவர்தான்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு வெளிக்கதிர் 25 தரம் போல முடிந்ததும், உள்ளே கருவி வைத்து இரிடியம்-192 என்ற கதிர்வீசும் உலோகம் மூலம் கொடுக்கும் உட்கதிர்ச் சிகிச்சை பாக்கி இருக்கும். இரண்டையும் சேர்த்து எட்டுக் கிழமைக்குள் முடித்துவிட வேண்டும். வெளிக்கதிர் முடியும்போது இரத்தப் போக்கு நின்றுவிடும். சுகம் வந்துவிட்டது என்று பலர் வீட்டோடு நின்றுவிடுகிறார்கள். கட்டியை முழுதாக அழிக்கும் அளவு உட்கதிரில்தான் போய்ச் சேர்கிறது. எவ்வளவு புதிய வெளிமெஷினாலும் அதை ஈடுசெய்ய முடியாது. இந்த இடத்தில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிற்க வேண்டாம்.

உடம்பில் பீஸ் இருந்தால்

வேறு ஊர்களின் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இராது. வன்னியில் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஷெல் பீஸ் (வெடித்துச் சிதறிய உலோகத் துண்டு), கிளைமோர் வெடியின் சிறு உருண்டை, துப்பாக்கிச் சன்னம், எலும்புக்கு வைத்த பிளேற், கம்பி — இவற்றில் எது உடம்பில் இருந்தாலும் சொல்லுங்கள். காயம் ஆறிவிட்டது, பதினைந்து வருடமாக ஒன்றும் செய்யவில்லை என்றாலும் சொல்லுங்கள்.

முதல் காரணம் எம்.ஆர்.ஐ. மூளை, கருப்பைக் கழுத்து, புரோஸ்டேற், நாக்கின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் கட்டியின் எல்லையைச் சரியாகப் பார்க்க எம்.ஆர்.ஐ. எடுத்து சி.ரி.யோடு பொருத்துவார்கள். ஷெல் கோது பெரும்பாலும் உருக்கு, காந்தம் இழுக்கும். எம்.ஆர்.ஐ.யின் காந்தத்துக்குள் போனால் பீஸ் நகரலாம், சூடாகலாம். கண்ணுக்குள், முள்ளந்தண்டு வடத்துக்கு அருகில், பெரிய இரத்தக்குழாய்க்கு அருகில் இருந்தால் ஆபத்து மிகக் கூட. எம்.ஆர்.ஐ.க்கு முன் கொடுக்கும் கேள்வித்தாளில் உலோகம் பற்றிய கேள்வி இருக்கும். அது உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தால், கையொப்பம் வைக்க முன் மொழிபெயர்த்துத் தரச் சொல்லுங்கள். சந்தேகம் என்றால் சாதாரண எக்ஸ்றே ஒன்றிலேயே பீஸ் தெரிந்துவிடும். அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். எம்.ஆர்.ஐ. முடியாது என்று வந்தாலும் சிகிச்சை முடியாது என்று அர்த்தமில்லை. மருந்து ஏற்றி எடுக்கும் சி.ரி., அல்ற்றாசவுண்ட், நேரடிப் பரிசோதனை ஆகியவற்றை வைத்துத் திட்டம் போடலாம்.

இரண்டாவது காரணம் திட்டம் போடும் சி.ரி. படம். உலோகத்தைச் சுற்றி அந்தப் படத்தில் வெள்ளையும் கறுப்புமாகக் கீற்றுகள் பாயும். கதிர் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கணினி அந்தப் படத்தின் அடர்த்தியிலிருந்துதான் கணக்கிடுகிறது. கீற்று விழுந்த இடத்தில் தசையை எலும்பு என்றோ காற்று என்றோ எடுத்துக்கொண்டால் கணக்குப் பிழைக்கும். கதிரின் அளவைக் கணக்கிடும் பௌதிகவியலாளர் அந்த இடங்களைக் கையால் குறித்து, சரியான அடர்த்தியை அவரே கொடுக்க வேண்டும். கதிர் பீஸின் ஊடாகப் போகாதபடி திசையை மாற்றவும் பார்ப்பார். ஏனென்றால் உலோகத்தின் முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சில மில்லிமீற்றர் தசைக்குக் கூடுதலாகவும், பின்பக்கத்தில் நிழல் விழுந்தது போலக் குறைவாகவும் கதிர் போகும். தொண்டையில் கட்டி, கழுத்தில் பீஸ் என்றால் இது சின்ன விசயமில்லை.

சொல்ல வேண்டிய முறை இது. உடம்பின் எந்தப் பக்கம், எந்த ஆண்டு, எடுத்ததா அல்லது விட்டதா, எடுத்த பிறகும் மிச்சம் இருப்பதாக வைத்தியர் சொன்னாரா. பழைய எக்ஸ்றே, பழைய துண்டு எது இருந்தாலும் கொண்டுபோங்கள். பல குடும்பங்களில் அந்தக் காலத்துத் தாள் ஒன்றும் மிஞ்சவில்லை. தாள் இல்லாவிட்டால் தழும்பைக் காட்டினாலே போதும். எந்த இயக்கம், எந்த இடம், எப்படிக் காயம் என்பது சிகிச்சைக்குத் தேவையில்லை. யாரும் கேட்டாலும் உலோகம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொன்னால் போதும்.

கால் இழந்தவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். செயற்கைக் காலைப் போட்டுக்கொண்டு கிடந்தால் இடுப்பு ஒரு சாய்வில் நிற்கும், கழற்றினால் வேறு சாய்வில் நிற்கும். திட்ட சி.ரி. அன்று எப்படியோ, ஒவ்வொரு நாளும் அப்படியே. வயிறு, இடுப்புப் பகுதிச் சிகிச்சைக்குக் கழற்றி வைத்துவிட்டு, மிஞ்சிய காலுக்குக் கீழே ஒரே அளவான தாங்கி வைப்பதே நல்லது. எந்தத் தாங்கி என்பதைச் சிகிச்சைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். தோள்பட்டையில் காயப்பட்டுக் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாதவர்கள், மார்பகச் சிகிச்சைத் திட்டம் போடும் நாளுக்கு முன்பே அதைச் சொல்ல வேண்டும். சில நாள் பயிற்சியில் தூக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் வேறு கிடையைத் தேடுவார்கள். மேசையில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நாள் தூக்கிவிட்டு, மறுநாள் முடியாமல் போவதுதான் எல்லாவற்றிலும் கெட்டது.

பல்லும் மாஸ்க்கும்

வாய், தொண்டைக்குக் கதிர் என்றால் முதலில் பல் வைத்தியரிடம். தாடை எலும்புக்கு அதிகக் கதிர் போன பிறகு பல் பிடுங்கினால், அந்தக் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். அதனால் பிடுங்க வேண்டிய பல்லைக் கதிர் தொடங்க முன்பே பிடுங்கி, குறைந்தது பத்து முதல் பதினான்கு நாள் ஆற விட வேண்டும். கதிர்ச் சிகிச்சைக்குத் திகதி கிடைத்த பிறகு பல்லைப் பார்க்கலாம் என்று இருந்தால் அந்த இரண்டு கிழமை வீணாகும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ நோய் உறுதியான அன்றைக்கே பல் கிளினிக்குக்கும் ஒரு கடிதம் கேளுங்கள். காத்திருக்கும் காலமும் பல் ஆறும் காலமும் ஒன்றாக ஓடட்டும். வெற்றிலை, புகையிலை, பாக்கு, சிகரெற் எல்லாவற்றையும் அன்றோடு விட வேண்டும். சிகிச்சை நடக்கும்போது புகைப்பவர்களுக்குக் கதிரின் பலன் குறைகிறது, புண்ணும் கூடுகிறது.

தலையை அசையாமல் பிடித்துவைக்கும் மாஸ்க்கைச் செய்யும் நாள்தான் முழுச் சிகிச்சைக்கும் அத்திவாரம். வலைபோன்ற பிளாஸ்ரிக் தகட்டை 65 முதல் 70 பாகை வரை சூடான நீரில் சில நிமிடம் போடுவார்கள். தகடு இளகித் துவண்டுவிடும். நீரை வழியவிட்டு, ஒற்றியெடுத்து, முகத்தின் மேல் வைத்து இழுத்து, தலைக்குக் கீழே இருக்கும் பலகையில் பூட்டுவார்கள். சூடு முகத்தில் இளஞ்சூடான ஈரத்துணி போட்டதுபோலத்தான் இருக்கும், சுடாது. மூக்கு, கண் புருவம், தாடை எல்லாவற்றின் வடிவமும் அதில் பதியும். பத்து நிமிடம் போல அசையாமல் இருந்தால் இறுகிவிடும். வலையின் ஓட்டைகளால் மூச்சு தாராளமாக வரும்.

அன்றைக்குச் செய்யும் சின்னப் பிழைகள் ஏழு கிழமையும் கூடவே வரும். கொண்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள். கொண்டை தலையை முன்னுக்குத் தள்ளும். மறுநாள் கொண்டை சற்று மேலே இருந்தால் கழுத்தின் வளைவே மாறிவிடும். முடியை விரித்துவிடுங்கள், அல்லது சிகிச்சை முடியும்வரை கட்டையாக வெட்டிவிடுங்கள். தாடி வைத்திருப்பவர்கள் முதல் நாளே வழித்துவிட்டு, பிறகும் அதே அளவில் வைத்திருக்க வேண்டும். தோடு, மூக்குத்தி, தாலிக்கொடி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிப் பாதுகாப்பாக வையுங்கள். மூக்குத்திகூட சி.ரி. படத்தில் கீற்று அடிக்கும். கட்டுப்பல் இருந்தால் போட்டபடியா, கழற்றியா என்று கேட்டு, அதையே ஒவ்வொரு நாளும் செய்யுங்கள். தாடையை மிக இறுக்கிக் கடிக்கவோ மூச்சை அடக்கவோ வேண்டாம். சாதாரணமாக விழுங்கிக்கொண்டு, சாதாரணமாக மூச்சு விடுங்கள். இருட்டு பங்கருக்குள் அடைபட்ட ஞாபகம் உள்ளவர்களுக்கு முகம் மூடுவதே பெரும் பயமாக இருக்கும். அதை முன்பே சொன்னால் கண் பகுதியை வெட்டித் திறந்த மாஸ்க் செய்யலாம், பயத்தைக் குறைக்க மருந்தும் கொடுக்கலாம். சொல்லாமல் அடக்கிக்கொண்டு, நடுவில் பதறி எழும்ப முயல்வதுதான் ஆபத்து.

மாஸ்க் இல்லாத இடங்களில் தோலில் புள்ளி குத்துவார்கள், அல்லது மையால் கோடு போடுவார்கள். சுவரிலிருந்து வரும் லேசர் கோடு அந்தக் குறியில் விழ வேண்டும். எங்கள் வெயிலில் வியர்த்து மை கரையும். கரைந்தால் வீட்டில் பேனையால் நீங்களே கோடு இழுக்க வேண்டாம். அழிந்துபோன கோட்டைவிட, பிழையான இடத்தில் இழுத்த கோடு கெட்டது. மறுநாள் போய்ச் சொல்லுங்கள்.

திட்டம் போடும் நாட்கள்

சி.ரி. எடுத்த பிறகு ஒரு கிழமை, இரண்டு கிழமை ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். உள்ளே வேலை நடக்கிறது. வைத்தியர் ஒவ்வொரு துண்டுப் படத்திலும் கட்டியை வரைவார். அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத பரவல் இருக்கக்கூடிய இடம், அதைச் சுற்றி அசைவுக்கான இடைவெளி. பிறகு முள்ளந்தண்டு வடம், மூளைத்தண்டு, உமிழ்நீர்ச் சுரப்பி, கண் வில்லை, சிறுகுடல் என்று காப்பாற்ற வேண்டியவற்றை வரைவார். கட்டிக்கு 70 கிறே, வடத்துக்கு 45 முதல் 50 கிறேக்கு மேல் போகக்கூடாது என்பதுபோல வரம்பு கொடுப்பார். பௌதிகவியலாளர் கணினியில் அதைச் சாதிக்கப் பார்ப்பார். ஐ.எம்.ஆர்.ரி., வீமற் திட்டங்களை நோயாளிக்குக் கொடுக்க முன் அளவுகருவி ஒன்றில் ஓடவிட்டு, கணினி சொன்னதும் மெஷின் கொடுத்ததும் ஒன்றா என்று சரிபார்ப்பார்கள். “ஏன் இன்னும் கூப்பிடவில்லை” என்று கேட்கலாம். ஆனால் இந்த வேலையை அவசரப்படுத்த வேண்டாம். இந்த நாட்களில் நீங்கள் செய்ய வேண்டியது, உடம்பு எடை குறையாமல் பார்ப்பது.

ஒவ்வொரு நாளும்

இடுப்புப் பகுதிச் சிகிச்சைக்காரருக்குச் சிறுநீர்ப்பைதான் எல்லாம். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை மேலே தள்ளிக் கதிருக்கு வெளியே வைத்திருக்கும். கருப்பை சிறுநீர்ப்பையின் மேல் சாய்ந்து கிடப்பதால், அது நிறைவதற்கும் வெறுமையாவதற்கும் இடையில் ஒரு சென்ரிமீற்றருக்கும் மேல் நகரக்கூடியது. பல இடங்களில் உள்ள வழக்கம்: சிறுநீர் முழுதாகக் கழித்துவிட்டு, அரை லீற்றர் தண்ணீரைப் பத்து நிமிடத்துக்குள் குடித்து, 45 நிமிடம் அடக்கி இருப்பது. உங்கள் மையத்தின் அளவும் நேரமும் எதுவோ அதையே பின்பற்றுங்கள். விடிய பஸ் ஏறி வருகிறவர்கள், வழியில் இறங்க வசதியில்லை என்று தண்ணீர் குடிக்காமலே வருகிறார்கள். காய்ந்த உடம்புக்கு அரை லீற்றர் கொடுத்தால் 45 நிமிடத்தில் சிறுநீர்ப்பை நிறையாது. முந்தின நாள் முழுவதும் தண்ணீர் தாராளமாகக் குடித்தால்தான் அந்தக் கணக்குச் சரிவரும். மலமும் கழிந்திருக்க வேண்டும். மலக்குடலில் வாயு நிறைந்தால் புரோஸ்டேற்றையும் கருப்பைக் கழுத்தையும் முன்னுக்குத் தள்ளும். பலாக்காய், கடலை, பயறு, சோடா ஆகியவற்றை அந்தக் கிழமைகளில் குறையுங்கள்.

இடது மார்பகத்துக்கு ஆழமாக மூச்சிழுத்து அடக்கும் முறையைச் சில மையங்களில் செய்கிறார்கள். மூச்சு நிறைந்தால் இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகும். இருபது விநாடி அடக்க முடிய வேண்டும். வீட்டில் கிடந்தபடி, கைகளைத் தலைக்கு மேல் வைத்து, ஒரு நாளைக்குப் பத்துத் தரம் பழகிக்கொள்ளுங்கள். முதுகை வளைத்து நெஞ்சைத் தூக்கக் கூடாது. மூச்சால் மட்டும்தான் நெஞ்சு உயர வேண்டும்.

நாள் தவறக் கூடாது. வாய், தொண்டை, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க் கலங்கள் சிகிச்சை நடக்கும்போதே வேகமாகப் பெருகத் தொடங்கும். வாய், தொண்டை நோயில், மொத்தச் சிகிச்சை ஒரு நாள் நீண்டால் கட்டியைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு சதவீதத்துக்கு மேல் குறைகிறது. ஒரு கிழமை என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். போயா, அரச விடுமுறை, மெஷின் பழுது என்று உங்கள் கையில் இல்லாத நாட்களே போதுமான அளவு போய்விடும். அதோடு காலபோக அறுவடை, வற்றாப்பளைப் பொங்கல், மடு ஆவணித் திருவிழா என்று நீங்களும் நாள் விடக்கூடாது. தவிர்க்க முடியாமல் ஒரு நாள் போனால் உடனே சொல்லுங்கள். ஒரே நாளில் ஆறு மணித்தியாலம் இடைவிட்டு இரண்டு தரம் கொடுத்தோ, சனிக்கிழமை கொடுத்தோ ஈடுசெய்யலாம். கடைசியில் சொன்னால் ஈடுசெய்ய நாள் இராது.

போக்குவரத்தை இதை வைத்து முடிவெடுங்கள். கிளிநொச்சியிலிருந்து தெல்லிப்பழைக்கு ரயிலிலோ, ஏ-9 வீதி பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய் மாறியோ தினமும் போய்வர முடியும். மார்பகச் சிகிச்சைக்கு அது தாங்கும். வாய், தொண்டைக்கு 35 தரம் என்றால், மூன்றாம் கிழமைக்குப் பிறகு அந்தப் பயணமே ஆளைச் சாய்த்துவிடும். துணுக்காய், மாந்தை, ஒட்டுசுட்டான் போன்ற உட்பகுதிகளிலிருந்து வருகிறவர்கள் தொடக்கத்திலேயே விடுதியில் தங்கவோ, யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் நிற்கவோ ஒழுங்கு செய்ய வேண்டும். நடுவில் தேட வெளிக்கிட்டால்தான் நாட்கள் தவறுகின்றன.

புண், சாப்பாடு, சிறுநீரகம்

வாய்ப்புண் இரண்டாம், மூன்றாம் கிழமையில் தொடங்கும். அதற்கு முன்பே வாய் கொப்புளிக்கப் பழகுங்கள். ஆறவைத்த கொதிநீர் ஒரு லீற்றருக்கு உப்பு ஒரு தேக்கரண்டி, அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி. ஒவ்வொரு நாளும் புதிதாகக் கலந்து, சாப்பிட்ட பிறகும் இடையிலுமாக ஆறு, எட்டுத் தரம். கடையில் விற்கும் எரிவுள்ள மவுத்வாஷ் வேண்டாம். வாய் வலிக்கு வைத்தியர் தரும் மருந்தைச் சாப்பாட்டுக்கு அரை மணிக்கு முன் எடுத்தால்தான் சாப்பிட முடியும். வலி பொறுக்கிறவர் கெட்டிக்காரர் என்ற எண்ணம் இங்கே நாசம் செய்யும். வலியால் சாப்பிடாமல் மெலிந்தால் மாஸ்க் தளரும். தளர்ந்த மாஸ்க்குக்குள் தலை உருளும். உருண்டால் ஐ.எம்.ஆர்.ரி. கவனமாகக் காப்பாற்றி வைத்த உமிழ்நீர்ச் சுரப்பியே கதிருக்குள் வந்துவிடும். மாஸ்க்குக்கும் கன்னத்துக்கும் இடையில் விரல் போகிறது என்றால் அன்றே சொல்லுங்கள். திரும்ப சி.ரி. எடுத்துத் திட்டம் மாற்ற வேண்டி வரலாம்.

ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1500 கலோரியும் 60 முதல் 75 கிராம் புரதமும் வேண்டும். வெறும் அரிசிக் கஞ்சி அதில் காற்பங்கும் தராது. கொதிக்கும் கஞ்சிக்குள் அடித்த முட்டையை ஊற்றிக் கலக்குங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். பால்மா 30 கிராமில் 7 கிராம். பருப்பை மைபோலக் கடைந்து தேங்காய்ப்பால் விட்டு, மிளகாயும் புளியும் போடாமல் கொடுக்கலாம். முள் எடுத்து மசித்த குளத்து மீன், குரக்கன் கஞ்சிக்குள் பால், தயிர், பழுத்த வாழைப்பழம், பப்பாசி. ஒரே தராசில் கிழமைக்கு ஒரு தரம் நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள். விழுங்க முடியாமல் போனால் மூக்கால் குழாய் வைக்கச் சொல்வார்கள். அது தோல்வியில்லை, கடைசிக் கட்டமும் இல்லை. சிகிச்சையை நிறுத்தாமல் கொண்டுபோக உதவும் கருவி.

சிஸ்பிளற்றின் என்ற புற்றுநோய் மருந்தும் கிழமைக்கொரு தரம் சேர்த்து ஏற்றுகிறார்கள் என்றால் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் உள்ள கிராமங்கள் இருக்கின்றன. உங்களுக்கோ குடும்பத்திலோ அது இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். சிஸ்பிளற்றின் சிறுநீரகத்தைத் தாக்கும். தண்ணீர் குடிக்க முடியாத தொண்டைப் புண்ணும், பாமசியில் வாங்கிப் போடும் டைக்ளோபெனாக் வலிக்குளிசையும் அதோடு சேர்ந்தால் ஒரு கிழமைக்குள் கிரியற்றினின் (சிறுநீரகம் பழுதாவதை இரத்தத்தில் காட்டும் அளவு) ஏறிவிடும். வலிக்குக் கிளினிக்கில் தந்ததைத் தவிர வேறு குளிசை வேண்டாம்.

தோலுக்கு: சவர்க்காரம் குறைவாக, கையால் மட்டும் தேய்த்துக் கிணற்று நீரில் குளிக்கலாம். துவாயால் ஒற்றி எடுங்கள். திருநீறு, சந்தனம், மஞ்சள், பவுடர், நாட்டெண்ணெய் எதையும் கதிர் படும் இடத்தில் பூச வேண்டாம். கோயிலுக்குப் போனால் நெற்றிக்கு வைத்தது போதும், கழுத்திலும் மார்பிலும் வேண்டாம். கழுத்துக்குக் கொலர் இல்லாத பருத்திச் சட்டை, மார்பகத்துக்கு இறுக்கமில்லாத பழைய பருத்திச் சட்டை. வயலுக்குப் போகவேண்டி வந்தால் அந்த இடத்தைத் துணியால் மூடுங்கள்.

காய்ச்சல் 38 பாகைக்கு மேல், ஒரு நாள் முழுதும் தண்ணீர் இறங்காமை, மூச்சு இழுக்கும்போது சத்தம், நிற்காத இரத்தம், திடீரெனக் கால் விறைத்து வலு இழத்தல், சிறுநீர் அடைத்தல் — இவற்றில் எதுவும் கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது. அருகிலுள்ள வைத்தியசாலைக்கு உடனே போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கால் வலு இழப்பது முள்ளந்தண்டு வடம் நெரிபடுவதன் அறிகுறியாக இருக்கலாம். அதற்குக் கதிரோ சத்திரசிகிச்சையோ 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நடை மிஞ்சும்.

முடிந்த பிறகு

கடைசி நாளோடு புண் குறையத் தொடங்காது. அடுத்த ஒன்றிரண்டு கிழமை இன்னும் கூடும், பிறகுதான் ஆறும். அந்தக் கிழமைகளுக்கு வேண்டிய மருந்தைக் கையோடு வாங்கிக்கொண்டே ஊருக்கு வெளிக்கிடுங்கள். வாய், தொண்டைக்குக் கதிர் எடுத்தவர்கள் வாய் திறக்கும் பயிற்சியை விடக்கூடாது. மூன்று விரல் நெட்டுக்கு வாய்க்குள் போக வேண்டும். குறையத் தொடங்கினால் ஐஸ்கிறீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையில் வைத்து, நாளுக்கொரு குச்சியாகக் கூட்டி, கிளினிக்கில் காட்டித் தந்தபடி பழகுங்கள். இறுகிப்போன பிறகு திறப்பது மிகக் கடினம். புளோரைட் உள்ள பற்பசையால் ஆயுள் முழுதும் துலக்க வேண்டும். எத்தனை வருடம் போனாலும், பல் பிடுங்க முன் தாடைக்குக் கதிர் எடுத்ததைப் பல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். கருப்பைக் கழுத்துக்குச் சிகிச்சை எடுத்த பெண்களுக்கு யோனி ஒட்டிக்கொண்டு சுருங்காமல் இருக்க, விரிவாக்கும் கருவியைப் பயன்படுத்தச் சொல்லித் தருவார்கள். வெட்கத்தால் கேட்காமல் விட்டால், பின்னர் வைத்தியர் பரிசோதிக்கவும் முடியாமல் போகும், குடும்ப வாழ்வும் வலிக்கும். தாதியிடம் தனியாகக் கேட்கலாம்.

வெளிக்கிட முன் சிகிச்சைச் சுருக்கம் ஒன்றை எழுத்தில் வாங்குங்கள். எந்த இடம், மொத்தம் எத்தனை கிறே, எத்தனை தரம், எந்த முறை, தொடங்கிய திகதி, முடிந்த திகதி, எத்தனை நாள் இடையில் போனது, உடம்பில் இருக்கும் பீஸ் பற்றிய குறிப்பு. பின்னொரு காலத்தில் பக்கத்தில் இன்னொரு கட்டி வந்தால், முள்ளந்தண்டு வடம் ஏற்கெனவே எவ்வளவு வாங்கியிருக்கிறது என்று தெரியாமல் எந்த வைத்தியரும் மறுபடி கதிர் கொடுக்கத் துணியமாட்டார். அந்தத் தாளை நிழற்பிரதி எடுத்து, ஒன்றைக் கிளினிக் கொப்பிக்குள்ளும், ஒன்றைக் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் அதே பொலித்தீன் உறைக்குள்ளும் வையுங்கள். கைப்பேசியில் படமும் எடுத்து, பிள்ளைகளுக்கும் அனுப்பிவிடுங்கள்.